மோகனராஜ் அண்ணனின் கண்ணாடி ஆபீஸ்

எங்கள் நிறுவனத்துக்கு வாசலே கிடையாது. பெயர் கராம்பு. மசாலாப் பைகள், எண்ணெய்ப் போத்தல்கள், கடைப் பெயர்ப் பலகைகள் என்று கேட்பவர்களுக்குக் கேட்டதை டிசைன் செய்து கொடுக்கிறோம். முதலாளி மோகனராஜ் அண்ணன் ரத்தோட்டையில் தன் வீட்டில் இருந்து வேலை செய்கிறார். நான் மாத்தளை டவுனில் என் வீட்டில். எழுத்து வரையும் பிரவீனா எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். படம் எடுக்கும் பஸ்லி உக்குவளையில். எல்லாவற்றையும் கடைசியாகச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பும் லஹிரு, எப்போதாவது பஸ் எட்டிப் பார்க்கிற வில்கமுவையில், வயலுக்கு நடுவில். ஐந்து பேரும் இரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். ஒரே இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

இதை வேலை என்று ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுச் சிவநந்தினி அக்கா, "கிருஷாந்தி, நீ சும்மாதான வீட்ல இருக்க, கேஸ் வந்தா வாங்கி வைம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூலுக்குப் போவார். பிஸ்கட் பெட்டிக்கு ஏற்ற நிறம் கிடைக்காமல் நான் மண்டை காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் அந்த சிலிண்டரும் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் வாங்கி வைப்பேன். அக்கா திரும்பி வரும்போது நான் இன்னும் சும்மா இருப்பதாகத்தான் நினைப்பார்.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த வேலை பிடிக்கும். இதற்கு முன்னால் கொழும்பில் ஒரு கம்பனியில் இருந்தேன். வெள்ளவத்தையில் போர்டிங். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு பின்னேரம் திரும்ப வேண்டும். பின்னேரமானால் என் மகள் என் பயணப் பையை ஒளித்து வைத்துவிடுவாள். என் கணவர் சதீஸ்குமாரும் நானும் வீடு முழுக்கத் தேடுவோம். ஒருநாள் அரிசி வாளிக்குள் இருந்து அதை எடுத்தபோது அவள் அழவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதமே வேலையை விட்டேன். பிறகுதான் கராம்பு கிடைத்தது. பை அலுமாரிக்கு மேலே ஏறியது. இரண்டு வருடமாக அதை யாரும் தொடவில்லை.

கராம்பில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் கமராவை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும். பிரவீனாதான் தொடங்கி வைத்தாள். "முகத்த தினமும்தான பாக்கிறோம், வெளிய என்ன நடக்குதுன்னு காட்டுங்க" என்றாள். ஜன்னல் நேரம் என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. அவள் ஜன்னலில் தேயிலை மலை தெரியும், பாதி நாள் பனி மூட்டம் மட்டும் தெரியும். லஹிருவின் ஜன்னலில் வயலும் கொக்கும். பஸ்லியின் ஜன்னலில் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ. என் ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவர். பாசி பிடித்த சுவர், அதில் ஒரு குழாய். "அக்கா, இன்னைக்கு உங்க சுவரு எப்படி இருக்கு?" என்று கேட்டு ஆளாளுக்குச் சிரிப்பார்கள். மழைக்காலத்தில் என் சுவர்தான் எல்லாவற்றையும்விடப் பச்சை, அதை யாரும் சொல்வதில்லை.

மோகனராஜ் அண்ணன் மட்டும் ஜன்னலைக் காட்டியதே இல்லை. அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு படம் இருக்கும். கண்ணாடிக் கட்டடம், அதற்கு வெளியே ஏதோ ஒரு நகரத்தின் உயர்ந்த மாடிகள். காது இருக்கும் இடத்தில் படம் அவ்வப்போது பிய்ந்து போகும். பேச்சுக்கு நடுவில் எங்கேயோ சேவல் கூவும். வாடிக்கையாளர் யாராவது இருந்தால், "கிருஷாந்தி, உங்க பக்கம் சேவலா?" என்று அண்ணன் கேட்பார். மாத்தளை டவுனில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் எனக்கு ஏது சேவல்? பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓமண்ணே, மன்னிச்சுக்குங்க" என்பேன். செய்யாத குற்றத்துக்கு நானும் என் சேவலும் எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோமோ தெரியாது.

அந்தப் படம்தான் எங்களை மாட்டிவிட்டது. மாத்தளையில் மூன்று கடை வைத்திருக்கும் ஜைனுதீன் ஹாஜியார், தன் மிளகு, கறுவா, சாதிக்காய் எல்லாவற்றுக்கும் புதுப் பைகள் வேண்டும் என்று அழைப்பில் பேச வந்தார். பெரிய வேலை. திரையில் அண்ணனை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நீங்க மாத்தள டிஸ்ட்ரிக்ட்தானே? நான் பொறந்ததுல இருந்து இங்கதான் ஈக்கிறன். இந்தக் கண்ணாடி பில்டிங் எங்க ஈக்குது?"

அது வெறும் படம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அண்ணனுக்கு வாய் தடுமாறியது. "அது... டவுன்லதான் ஹாஜியார், இப்பதான் எடுத்திருக்கோம்" என்றார்.

"அப்ப வியாழக்கிழமை வாறன். ஆபீஸப் பாத்துட்டுத்தான் வேலைய தருவன்" என்றார் ஹாஜியார்.

அவர் போனதும் நாங்கள் நான்கு பேரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் என்னைப் பார்த்தார். டவுனில் வீடு இருப்பவள் நான் ஒருத்திதானே.

"கிருஷாந்தி, உங்க மாமாட ஹார்ட்வேயார் கடைக்கு மேல ஒரு டியூஷன் ஹோல் இருக்குன்னீங்களே, ஒரு நாளைக்குக் கேட்டுப் பாருங்களேன்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "எத்தன பேரு ஆபீஸ் எங்கன்னு கேக்கிறாங்க. இது மட்டும் கை கூடினா கொழும்பில உண்மையாவே ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேன். எல்லாரும் ஒண்ணா இருந்தாத்தான் மரியாதை" என்றும் சொன்னார்.

ஹோலைக் கொடுத்தால் கொழும்பு. கொடுக்காவிட்டால் ஹாஜியாரின் வேலை போகும், அது போனால் கராம்பே எத்தனை நாளைக்கு? எப்படிப் போனாலும் என் வீட்டு மேசைக்கு ஆபத்து. ஸ்பீக்கரில் பேசியதை மகளும் கேட்டிருக்கிறாள். அன்று பின்னேரம் அலுமாரிக்கு மேலே பார்த்தேன், பையைக் காணவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, கதிரை போட்டு ஏறி எடுத்திருக்கிறாள். இந்தத் தரம் நான் தேடவில்லை. எனக்கே அழுகை வந்தது.

கடைசியில் மாமாவிடம் கேட்டு ஹோலை வாங்கினேன். வியாழக்கிழமை காலை மற்ற நான்கு பேரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். திரையில் எல்லோரும் ஒரே உயரம். நேரில் பஸ்லி கதவு நிலையில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தான், பிரவீனா என் தோளுக்கு வந்தாள். லஹிரு மோட்டர் சைக்கிளில் புழுதியோடு வந்து ஒரு பை நிலக்கடலையை என் கையில் கொடுத்துவிட்டு, வெட்கத்தில் சுவரைப் பார்த்து நின்றான். இரண்டு வருடமாகத் தினமும் அரட்டையடித்த நாங்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஹோலில் பின்னேரங்களில் டியூஷன் நடக்கும். பலகையில் யாரோ ஒரு முக்கோணத்தைப் பாதியில் விட்டிருந்தார்கள்.

"ஹாஜியார் வரும்போது மீட்டிங் நடக்கணும். ஆரம்பிங்க" என்றார் அண்ணன்.

மீட்டிங் என்றதும் எங்கள் கைகள் தாமாகவே வேலை செய்தன. ஆளுக்கொரு மூலைக்குப் போனோம். கணினியைத் திறந்தோம். ஹெட்போனை மாட்டினோம். அழைப்பில் சேர்ந்தோம். ஒரே அறையில் இருக்கிறோம், வாயைத் திறந்தால் கேட்கும் என்பது ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "பிரவீனா, சத்தம் கேக்குதா?" என்று நான் மைக்கில் கேட்கிறேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள். பஸ்லி தன் ஹெட்போனில் ஏதோ பிழை என்று கழற்றி ஸ்பீக்கரில் போட்டான். ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் புகுந்து, அது திரும்ப வெளியே வந்து, ஹோலே ஊளையிட்டது.

அந்த ஊளைக்கு நடுவில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாசலில் ஜைனுதீன் ஹாஜியார் நின்றார்.

"யா அல்லாஹ், என்ன சத்தம் இது! படியும் எவ்வளவு உசரம், எனக்கு முழங்கால் வேற ஏலாது" என்று சொல்லி முதல் கதிரையில் உட்கார்ந்தார். பலகையில் இருந்த முக்கோணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மொளகுப் பைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணுமா? கண்ணாடி எங்க தம்பி?"

"கண்ணாடி... அது இனித்தான் போடணும் ஹாஜியார்" என்றார் அண்ணன். அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

எனக்கு அப்போது நல்ல எண்ணம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது. அடுத்த பொய்யில் கட்டடம் கொழும்புக்கே போய்விடும் என்ற பயமும் வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ஹாஜியார், அது படம். எங்களுக்கு ஆபீஸ் இல்ல. இது எங்க மாமாட டியூஷன் ஹோல். நாங்க அஞ்சு பேரும் இன்னைக்குத்தான் முதல் தரமா ஒண்ணா இருக்கோம்" என்றேன்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹாஜியார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்ப எங்க இருந்து வேல செய்றீங்க?"

"அவங்கவங்க வீட்ல."

"அது உங்களுக்கு நல்லா ஈக்குதா? மொதலாளி ஈக்கிறாருன்னு பாக்காம உண்மைய செல்லுங்க."

பிரவீனா மெதுவாகப் பேசத் தொடங்கினாள். "நான் கொழும்பில ஒரு இடத்துக்கு இன்டர்வியூ போனேன் ஹாஜியார். முதல்ல எந்தத் தோட்டம்னு கேட்டாங்க, பிறகு என் வேலையப் பாக்கவே இல்ல. இங்க சேந்த அன்னைக்கு மோகன் அண்ணே என் எழுத்தத்தான் பாத்தாங்க. மழைக்கு சிக்னல் போகும், அது ஒண்ணுதான் கரைச்சல்."

லஹிரு சிங்களத்தில் சொன்னான். அறுவடைக் காலத்தில் விடியற்காலை வயலில் நின்றுவிட்டு, குளித்து, மேசைக்கு வந்துவிட முடிகிறதாம். கொழும்புக்குப் போயிருந்தால் அப்பா தனியாக அறுத்திருப்பார் என்றான்.

பஸ்லி தலையைச் சொறிந்தான். "நல்லம்தான். ஆனா பிளேன்டீ குடிக்க ஒரு கூட்டாளி இல்ல. சில நாள்ல பூனையோட பேசுறன். அதோட மோகன் அண்ணே சோறு தின்ற நேரத்துல மெசேஜ் போடுவாரு, அதையும் செல்லத்தான் வேணும்." அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.

என் முறை வந்தது. பேசி அழகாக முடிக்க நினைத்தேன், முடியவில்லை. "என் மகள் என் பையை ஒளிச்சு வச்சிருக்கா ஹாஜியார். கொழும்புக்குப் போயிடுவேன்னு" என்றேன்.

ஹாஜியார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கு மொளகு வாறதும் வீடு வீடாத்தான்" என்றார். "ஒரு வீட்டுல ரெண்டு கொடி, இன்னொரு வீட்டுல நாலு கொடி. ஒருத்தனும் கண்ணாடி பில்டிங்ல காய வைக்கிறதில்ல. நான் ஆபீஸப் பாக்கவா வந்தன்? எனக்குத் தெரியாம மாத்தளயில ஒரு பில்டிங் எழும்பிட்டுதேன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல. வேலையத் தாறன். அடுத்த தரம் நீங்க யாராவது கீழ எறங்கி என்ட கடைக்கு வாங்க. இந்தப் படி எனக்கு ஏலாது."

அவர் இறங்கிப் போனபின் யாரும் ஹெட்போன் மாட்டவில்லை. மாமி சோறு அனுப்பியிருந்தார். லஹிருவின் கடலையை அவித்தோம். பஸ்லி நான்கு தரம் பிளேன்டீ குடித்தான், ஒவ்வொரு தரமும் இன்னொருவரை இழுத்துக்கொண்டு போனான். மாதத்தில் ஒருநாள் இப்படி உட்காரலாம் என்று பிரவீனா சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கொழும்பு பற்றி நான் கேட்டபோது மோகனராஜ் அண்ணன், "யோசிக்கணும் கிருஷாந்தி" என்று மட்டும் சொன்னார். மானத்தை வாங்கிவிட்டேன் என்ற கோபமா, என்னவோ தெரியவில்லை. சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன், பயமும் கூடவே வந்தது.

மறுநாள் காலை ஜன்னல் நேரம். பிரவீனா பனியைக் காட்டினாள். லஹிரு கொக்கைக் காட்டினான். பஸ்லியின் பாண் ஆட்டோ போனது. நான் சுவரைக் காட்டினேன், யாரும் கேலி செய்யவில்லை. எல்லோரும் அண்ணனின் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டடம் மறைந்தது. படத்தை எடுத்துவிட்டார். பின்னால் பூசாத செங்கல் சுவர் இருந்தது. அவர் கணினியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். மேல்மாடிக்கென்று விட்ட கம்பிகள் துருப்பிடித்து நின்றன. அவற்றில் கட்டிய கயிற்றில் பிள்ளைகளின் ஸ்கூல் உடுப்புகள் காய்ந்தன. கீழே ஒரு கோழிக்கூடு.

"மேல இன்னும் கட்டி முடிக்கல" என்றார் அண்ணன். குரல் தாழ்ந்திருந்தது. "அதான் இவ்வளவு நாளும் காட்டல. ஆபீஸ் ஒண்ணும் வேணாம். அந்தக் காசுக்கு முதல்ல இதைப் பூசுவோம்னு வீட்டுல சொல்றாங்க."

கூட்டின் மேல் ஒரு சிவப்புச் சேவல் ஏறி நின்று கழுத்தை நீட்டிக் கூவியது.

"அண்ணே, என் சேவல் அங்க என்ன பண்ணுது?" என்று கேட்டேன். பஸ்லி சிரித்த சிரிப்பில் என் ஸ்பீக்கர் அதிர்ந்தது. அண்ணனும் கணினியைத் தன் பக்கம் திருப்பிச் சிரித்தார். திரையில் அவர் சிரிக்கிற முகத்தை முழுதாக, காது பிய்யாமல் பார்த்தது அன்றுதான்.

மகள் ஸ்கூல் உடுப்போடு என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப போக மாட்டீங்களாம்மா?" என்றாள். மாட்டேன் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பை எங்கன்னு சொல்லவா?"

"வேணாம்" என்றேன். "அங்கயே இருக்கட்டும்."