முதுகில் எண் இல்லாத சட்டை

வண்டிப்பெரியாருக்கு மேலே எஸ்டேட் ரோடு பிரியும் முக்கில் ஜோபியின் பேக்கரி இருக்கிறது. தபால்காரர் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயம் வரை ஏறி வருவதில்லை. எஸ்டேட்டின் ரெண்டாம் டிவிஷன் ஆட்களின் தபாலெல்லாம் அந்தக் கடையில்தான் கிடக்கும். அயர்லாந்திலிருந்து வந்த பொட்டலத்தையும் பொன்ராஜ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே உட்கார்ந்துதான் பிரித்தார்.

உள்ளே ஒரு சட்டை. பச்சை உடம்பு, வெள்ளைக் கை. நெஞ்சின் குறுக்கே பெரிய ஆங்கில எழுத்து. தேயிலை ஃபாக்டரியில் சாக்குகளின் மேல் அச்சடித்ததைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார்.

"ஹார்டிகன்."

"என்ன பெரியப்பா அது, மருந்து பேரா?" என்றான் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பாண்டி. தம்பி மகன். குமுளியில் ஜீப் ஓட்டுகிறான். ரெண்டாம் டிவிஷன் கால்பந்து டீமுக்குக் கேப்டன்.

"ஊர் பேருடா. ஆனந்தி இப்ப இருக்குற ஊரு."

மகள் ஆனந்தி நர்ஸாகப் போய் மூன்று வருஷம் ஆகிறது. முதலில் டப்ளினில் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறினாள். அந்த ஊரின் பேரை அவள் போனில் நாலு தடவை சொல்லியும் பொன்ராஜுக்குப் பிடிபடவில்லை. இப்போது கையில் எழுத்தாகவே கிடைத்துவிட்டது. நெஞ்சில் எழுதியிருப்பது ஊர் பேர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவர் டீமின் சட்டையில் நெஞ்சில் 'ரெண்டாம் டிவிஷன்' என்றுதானே இருக்கிறது.

போன வாரம் அவள் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். இதே சட்டை, சேறு பிடித்த மைதானம், வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடுவில் அவள். 'அப்பா, நானும் ஆடுறேன்' என்று கீழே எழுதியிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து பொன்ராஜ் அவளிடம் பேசவில்லை.

பாண்டிக்குக் காரணம் தெரியும். டீமே பெரியப்பாவின் கையில்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் ஆட்டக்காரர்களின் பேர் வரிசையாக இருக்கும். லயத்தில் வீடு உள்ளவன் மட்டும் ஆடலாம். வேறு ஊர் சட்டை போட்டவன் பேரை வெட்டிவிடுவார். ஏலப்பாறை கிளப் காசு கொடுத்துக் கூப்பிட்டது என்று ஒரே ஒரு ஆட்டம் போய் ஆடின ஆனந்தகுமாரின் பேர், சிவப்பு மையில் வெட்டுப்பட்டு அப்படியே கிடக்கிறது. அந்த நோட்டில் பதினைந்து பேருக்குக் கீழே, பதினாறாவதாக, இருபது வருஷமாக எழுதிவருகிற ஒரு வரி உண்டு: 'ஆனந்தி – பந்து எடுக்க.' தேயிலைச் செடிக்குள் விழுகிற பந்தை நுழைந்து எடுத்து வருகிற வேலை அப்போது ஆறு வயது மகளுடையது. அவள் வளர்ந்த பிறகும், கடல் தாண்டிப் போன பிறகும், புது நோட்டு போடும்போதெல்லாம் அந்த வரியையும் எழுதிவிடுவார்.

"பெரியப்பா, நான் வந்த விஷயமே வேற," என்றான் பாண்டி. "குமுளி ரிசார்ட்காரங்க ஒத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் புதுச் சட்டை, பூட்ஸ், ரெண்டு பந்து. நெஞ்சுல அவங்க பேரு வரணும். அவ்வளவுதான்."

"அப்ப நம்ம பேரு?"

"கையில சின்னதாப் போட்டுக்கலாமாம்."

"ஏன், உள்ள பனியன்ல போடச் சொல்லேன். நம்பரு?"

"அதுவும் அச்சுலயே வந்துரும். எத்தனை நாளைக்குப் பெரியப்பா சேலையக் கிழிச்சு ஒட்டிக்கிட்டு ஆடுறது? போன தடவை பீருமேட்டுக்காரனுவ நம்மள 'சேலைக் கோஷ்டி'ன்னு கத்துறானுவ."

ரெண்டாம் டிவிஷனில் முதுகு எண்ணை அவரவர் அம்மாவின் பழைய சேலையில் வெட்டித்தான் தைப்பார்கள். முதல் வருஷம் எண் அடிக்கக் காசில்லாமல் பொன்ராஜின் மனைவி ராமுத்தாய் ஆரம்பித்தது. அதனால் டீம் ஓடும்போது முதுகில் ஒரே நிறம் கிடையாது. ஊதா ஒன்பது, மஞ்சள் நாலு, பூப்போட்ட ஏழு. லயத்துப் பெண்களும் பேரைச் சொல்லிக் கத்துவதில்லை. "என் சேலைக்குப் பந்தைக் குடுடா" என்பார்கள்.

"காசு உள்ள வந்தா ஆட்டம் வெளிய போயிரும்," என்றார் பொன்ராஜ். "அப்புறம் அவன் சொல்ற ஆளைத்தான் இறக்கணும்."

உள்ளே அடுப்படியிலிருந்து ஜோபியின் குரல் வந்தது. "அயர்லாந்துல அப்படி இல்ல கேட்டோ, அண்ணாச்சி."

ஜோபி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். பேக்கரி அந்தக் காசு.

"அவங்களுக்குன்னு சொந்தமா ஒரு பந்தாட்டம் உண்டு. கேலிக். பந்தைக் கையில எடுத்து ஓடலாம், காலாலயும் அடிக்கலாம்."

"கையில எடுத்தா பவுல் இல்லையா?" என்றான் பாண்டி.

"நாலு எட்டுக்கு மேல அப்படியே ஓடினா பவுல். வலைக்குள்ள போனா மூணு பாயிண்டு, மேல கம்பத்துக்கு நடுவுல போனா ஒண்ணு. எம்பதாயிரம் பேரு வந்து பாக்கும். ஆடுறவனுக்குச் சம்பளம் பத்துப் பைசா கிடையாது. திங்கக்கிழமை ஸ்கூல் வாத்தியாரா, தச்சனா வேலைக்குப் போயிருவான். விலைக்கு ஆளை வாங்குறதும் இல்ல. அவனவன் ஊருக்குத்தான் ஆடணும்."

பொன்ராஜ் பாண்டியைப் பார்த்தார். "கேட்டியாடா?"

"எம்பதாயிரம் பேரு டிக்கெட் எடுக்குறான், ஆடுறவனுக்கு ஒண்ணும் இல்லைன்னா யாரோ நல்லாத் தின்னு கொழுக்குறான்," என்றான் பாண்டி. "அந்தச் சட்டை என்ன விலை ஜோபிச்சேட்டா?"

"நம்ம காசுக்கு ஏழு, எட்டாயிரம் வரும். வருஷா வருஷம் சட்டையில கோட்டை மாத்திப் புதுசுன்னு விப்பான். பிள்ளைங்க அழும், அப்பன் வாங்குவான். அங்கயும் இதே வழக்குதான். பப்புல உட்கார்ந்து எல்லாரும் திட்டுவாங்க. திட்டுறவன் மேலயும் அந்தச் சட்டைதான் கிடக்கும்."

பாண்டி சிரித்தான். பிறகு, வாயைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் கேட்டான். "அவனவன் ஊருக்குத்தான் ஆடணும்னா ஆனந்தி எப்படி ஆடுறா?"

"இந்த ஊருதான் இனி என் ஊருன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்," என்றான் ஜோபி. "போட்டா எடுத்துக்குவாங்க."

பொன்ராஜ் சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"பெரியப்பா, அப்படின்னா உங்க சட்டப்படி..."

"வெட்டணும்," என்றார். "எனக்குத் தெரியும்டா. நீ சொல்லித் தர வேண்டாம். அந்தப் பேனாவ எடு."

நோட்டு எப்போதும் அவர் பையில் இருக்கும். பதினாறாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாண்டி டீ கிளாஸைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொன்னது இவ்வளவு தூரம் போகும் என்று அவன் நினைக்கவில்லை.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஜோபி வெளியே வந்தான். சட்டையை விரித்துப் பார்த்தான்.

"ஹார்டிகனா? அண்ணாச்சி, இது ஊர் இல்ல. கடை. கீழ பாரு, மாட்டுத் தீவனம், வேலிக் கம்பின்னு போட்டிருக்கு."

"ஊர் பேரு இல்லையா?"

"சட்டைக்குக் காசு குடுத்தவன் பேரு. நம்ம ரிசார்ட்டு மாதிரி."

பொன்ராஜ் பேனாவை மூடினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மாட்டுத் தீவனக் கடையா," என்றார். "அப்ப பரவாயில்லடா. கடைச் சட்டைதானே. கடைச் சட்டைய யாரு வேணாலும் போடலாம்."

"இப்ப மட்டும் காசுக்காரன் நல்லவனாயிட்டானா?" என்றான் பாண்டி.

ஜோபி பேசாமல் இருந்திருக்கலாம். இடது நெஞ்சில், ஒரு ரூபாய் அகலத்தில் இருந்த முத்திரையைத் தொட்டுக் காட்டினான். "ஊர் இதுல இருக்கு. கில்டோரன்."

பொன்ராஜ் குனிந்து பார்த்தார். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது இருந்தது. அந்தப் பேரைத்தான் மகள் நாலு தடவை சொன்னாள்.

"முதுகுல ஒண்ணுமே இல்லையே," என்றான் பாண்டி, பேச்சை மாற்ற. "நம்பர் போடாம யாரு சட்டை விப்பான்?"

அப்போதுதான் ராமுத்தாய் இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். லயத்தில் போனில் சிக்னல் எடுக்காது. தண்ணித் தொட்டி மேட்டில் நின்றால்தான் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று மகளின் குரலைக் கேட்பது அவள் வழக்கம்.

"பிரிச்சிட்டீகளா? எவன் பிரிக்கச் சொன்னது? அது உங்களுக்கு வந்தது இல்ல, எனக்கு வந்தது. கேளுங்க."

போனை நீட்டினாள். ஆனந்தி பேசிப் பதிந்து அனுப்பிய குரல், நடுவே காற்றுச் சத்தம்.

"அம்மா, சட்டை வந்துச்சா? அது அங்க வச்சுக்க இல்ல. நம்பர் தைச்சுத் திருப்பி அனுப்பணும். உன் சேலையில வெட்டு. எனக்கு வெட்ட வரும், தைச்சா பிரிஞ்சிருது. கோச்சுகிட்ட சொல்லிட்டேன், எங்க டீம்ல அப்படித்தான்னு. அவங்க சரின்னுட்டாங்க. பதினாறு போடு. இங்க பதினஞ்சு பேருதான் இறங்குவாங்க, நான் சும்மா உக்காந்திருக்குற ஆளு. அப்பாகிட்ட சொல்லு, இங்கயும் பந்து எடுக்குறதுதான் வேலைன்னு. அப்பா ஏன் பேச மாட்டேங்குது? லீவு இந்த வருஷமும் இல்லைம்மா. கேட்டுப் பாத்துட்டேன்."

முடிந்ததும் பொன்ராஜ் இன்னொரு தடவை போடச் சொன்னார். "எங்க டீம்ல" என்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பிறகு நோட்டைப் பையில் வைத்தார்.

"ஏலே பாண்டி. ரிசார்ட்டுக்காரன்கிட்ட சொல்லு. நெஞ்சை எடுத்துக்கட்டும். முதுகு நம்மளது. அச்சு வேண்டாம்."

"ஒத்துக்கலைன்னா?"

"பழைய சட்டை கிழியவா போகுது?"

சாயங்காலம் லயத்து வாசலில் வெளிச்சம் இருக்கும்போதே ராமுத்தாய் தைக்க உட்கார்ந்தாள். ஆனந்தியை விமான நிலையத்தில் விட்டுவந்த அன்று கட்டியிருந்த கத்தரிப்பூ நிறச் சேலை. ஒன்றையும் ஆறையும் வெட்டி, பச்சை முதுகில் வைத்துப் பார்த்தாள். பொன்ராஜ் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"கொஞ்சம் தளர்வாத் தையி," என்றார்.

"எதுக்கு?"

"பிரிஞ்சா மறுபடி அனுப்புவாள்ல."

ராமுத்தாய் ஊசியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "பிரிஞ்சா சட்டைதான் வரும். புள்ள வராது." நூலைப் பல்லால் கடித்து, இரட்டையாகக் கோத்துக்கொண்டாள்.

பொன்ராஜ் பேனாவைத் திறந்தார். ஜோபி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த விலாசத்தை மடியில் வைத்து, பொட்டலத்தின் மேல் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். கில்டோரன். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ரெண்டாவது தடவை கொஞ்சம் சரியாக வந்தது.