ஒரு சேலைக்கு ஒரே பெயர்

முத்துக்குமாருக்கு அகந்தை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தான் சொன்னது தப்பாகப் போன சந்தர்ப்பம் எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி அவன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தான். கைத்தறியைப் பற்றி மனிதருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி அடுக்கித் தருவது அந்தக் கம்பெனியின் தொழில். அதில் வருகிற ஒவ்வொரு கேள்வியும் சார்பா, உறவா என்று தீர்ப்பெழுதுவது முத்துக்குமாரின் தொழில். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே இதுதான். நாமெல்லாம் பரீட்சை முடிந்த கையோடு மறந்தோம், அவனுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதொன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டென்றால் சார்பு. பல பதில் வரலாம் என்றால் உறவு. ஒருவனைப் பெற்றவள் யார்? ஒருத்திதான், ஆகவே சார்பு. ஒருவனுக்கு அண்ணன் யார்? இல்லாமலும் இருக்கலாம், ஆறு பேரும் இருக்கலாம், ஆகவே உறவு. காஞ்சிபுரத்துச் சிவன் கோயில் எதைக் காட்டி இதற்கு அம்மன் யார் என்று கேட்டாலும் காமாட்சி ஒருத்தியைத்தான் சொல்வார்கள், சார்பு. ஊருக்குப் பெருமாள் யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஆளுக்கொரு தெருவைக் காட்டுவார்கள்.

‘ஒரு சேலையை நெய்தவர் யார்?’ என்ற கேள்வி வந்தபோது, டீ ஆறுவதற்குள் சார்பு என்று போட்டுவிட்டான். போட்டதோடு நின்றானா? மூன்று பக்கத்துக்கு விளக்கமும் எழுதினான். நெய்பவர் ஒருவரே, பக்கத்தில் உட்காருகிறவர் உதவியாளர் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தான். அவனுக்கு மேலதிகாரியான கீர்த்தி, “சூப்பர் முத்து, நெசவாளர் வீட்டுப் பிள்ளை, உங்களுக்குத் தெரியாததா!” என்று ஒப்புதல் கொடுத்தாள்.

இத்தனைக்கும் அவன் நாற்காலிக்கு நேர் கீழேதான் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வீரபாகு நடுவில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்வார். அம்மா இந்திராணி ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான ஊடை நூல் ஓடும் நாடாவை எறிந்து, கரையையும் உடலையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வருவாள். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அந்தத் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். அதன் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் அது காதில் ஏறவில்லை. என்னத்தைச் சொல்ல!

கம்பெனி அடுக்கிக் கொடுத்ததை வைத்துத்தான் அரசாங்கம் கொடுக்கும் நெசவாளர் அட்டைக்கான புதிய பதிவேடு ஓடியது. இந்திராணி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அட்டை இருந்தால் ஆபரேஷனை அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கரை இழை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் தெரியட்டும் என்று விடவேண்டியதுதான். ஒரு வாரத்தில் போனுக்குப் பதில் வந்தது: இரட்டைப் பதிவு, உங்களுக்கு ஏற்கெனவே அட்டை உள்ளது, மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தெரிவிக்கவும்.

“எனக்கு எங்கடா கார்டு இருக்குது?” என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டாள்.

முத்துக்குமார் பதிவேட்டைத் திறந்து பார்த்தான். கணக்கெடுக்க வந்த பெண், பாவம், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தாள்: ஒரு சேலை, நெய்தவர்கள் இரண்டு பேர். மிஷினுக்கோ நெய்தவர் ஒருவர்தான் இருக்க முடியும் என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று அது தயங்காமல் முடிவுகட்டிவிட்டது. வீரபாகு என்கிற இந்திராணி. பால்: ஆண், பெண். கணவர் பெயர்: வீரபாகு. அந்த ஒரே வாரத்தில் அந்தத் தெருவில் மட்டும் பதினோரு பெண்கள் தத்தம் புருஷன்களாக மாறியிருந்தார்கள்.

பின்னாலேயே ஏறி வந்த வீரபாகுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இன்னாடா இது, நாங்க இன்னா அர்த்தநாரீஸ்வரரா?”

“சிரிங்க, நல்லா சிரிங்க. உங்களுக்கு கார்டும் இருக்குது, கண்ணும் தெரியுது,” என்றாள் இந்திராணி. “இத எந்தப் புண்ணியவான்டா எழுதினது? எழுதினவன் கை வெளங்காம போவ!”

முத்துக்குமார் வலது கையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டான். “சிஸ்டம்மா. சிஸ்டம் அப்படிப் பண்ணிடுச்சு.”

“அது நாசமா போவ!”

“ஆமாம்மா,” என்றான்.

அன்றிலிருந்து மூன்று நாள், யாருக்கும் தெரியாமல் அதைச் சரிசெய்யப் பார்த்தான். அம்மாவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதினான். இரவுக்குள் மிஷின் அவளைத் திரும்பவும் அப்பாவோடு சேர்த்துவிட்டது. புது எண் கொடுத்தான், அதையும் விழுங்கிவிட்டது. விதியையே மாற்றினால்தான் ஆகும், அதற்கு ஒரு நெசவாளர் நேரில் சொல்ல வேண்டும் என்றாள் கீர்த்தி. வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு வழியில்லாமல், போனைத் தறிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து வீடியோவில் கீர்த்தியைக் கூப்பிட்டான்.

“வணக்கம்மா. இந்தச் சேலைய நெய்யறது யாரும்மா?” என்று கேட்டாள் கீர்த்தி.

“அவருதாம்மா,” என்றாள் இந்திராணி. முப்பது வருஷமாக யார் கேட்டாலும் சொன்ன பதில். முத்துக்குமார் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

“அப்ப நீங்க என்னம்மா பண்றீங்க?”

“நான் கரை கோக்கறேன்.”

“நீங்க கோக்கலன்னா?”

“எப்படிமா சேலையாவும்? கரை தனியா, உடல் தனியா நிக்கும். நான் தண்ணி குடிக்க எழுந்து போனாக்கூட இவரு கையக் கட்டிக்கினு உக்காந்திருக்கணும்.”

“நெசந்தாம்மா,” என்றார் வீரபாகு, பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிறவர் மாதிரி.

கீர்த்திக்குப் புரியவில்லை. “அப்ப ரெண்டு பேரும் நெய்யறீங்கதானே? ஏன் முத்து ஒருத்தர்தான்னு போட்டீங்க? மூணு பக்கம் வேற எழுதியிருக்கீங்க!”

தறி நின்றது. இந்திராணி திரும்பிப் பார்த்தாள். “நீயாடா?”

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். வாய் வரவில்லை. “நான்தாம்மா.”

இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “விட்டுடும்மா. எம்புள்ள எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும். எம்.எஸ்சி. படிச்சவன். நான் ஒத்தாசைக்கு உக்கார்றவதான்.”

முத்துக்குமாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. முப்பது வருஷம் தன் கை செய்ததைவிட, அவன் டீ குடிக்கிற நேரத்தில் எழுதியதுதான் நிஜம் என்று நம்பிவிட்டாள்.

“ஐயோ, இல்லம்மா! தப்பும்மா! நான் எழுதினது தப்பு, மூணு பக்கமும் தப்பு!” என்று கத்தினான். பக்கத்து வீட்டுப் பெரியநாயகி ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இதையே எழுத்துல அனுப்புங்க, முத்து,” என்றாள் கீர்த்தி. “மறுப்பு வாங்கறத அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க.”

இந்திராணி நாடாவைக் கையில் எடுத்தாள். இழை எங்கே விட்டது என்று கண்ணைச் சுருக்கித் தேடினாள்.

“கத்தாதடா,” என்றாள். “எழுது.”