அரை விரல் நீளப் பின்னும் என் மீசையும்

சகலையின் இரும்பு அமுக்கும் இருபது டன் பிரஸ் முதல் தடவை முனகியபோது ஷெட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் குடும்பத்தோடு கிளம்பிப் போயின. இரண்டாம் தடவை முனகியபோது மூன்று தெரு நாய்கள் சேர்ந்து ஊளையிட்டன. மூன்றாம் தடவை முனகியபோது என் மனைவி வந்தாள். நாயே தேவலை.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"முடியுது, முடியுது."

"இதையேதான் காலைலயும் சொன்னீங்க."

அவள் அவசரம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரைபிள் கிளப்பில் அறுபதைத் தாண்டியவர்களுக்குப் போட்டி. போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில் பல் டாக்டரிடம் தோற்றாள். அதிலிருந்து அந்த மனுஷன் அவளை எங்கே பார்த்தாலும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுகிறார். தொழில் விளம்பரம் போலிருக்கிறது. இந்த வருஷம் அவளுடைய ரைபிளின் குழல் தேய்ந்துவிட்டது. புதுக் குழல் தயாராக மேஜைமேல் படுத்திருக்கிறது, பழசு வெளியே வந்தால்தானே? அன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை காலையில் அவள் புதுக் குழலில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கைதட்டத்தான் போக முடியும், அதுவும் பல் டாக்டருக்கு.

நான் அந்தக் கிளப்பின் ரிப்பேர் அறையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். சகலை, அதாவது அவளுடைய அக்கா வீட்டுக்காரர், லாரி ஒர்க்‌ஷாப்பில் பேரிங் தள்ளித் தள்ளியே தலை நரைத்தவர். ஷெட்டும் பிரஸ்ஸும் அவருடையவை. பித்தளைக் கட்டைகள், ரைபிள் அசையாமல் உட்காரும் பள்ளம் வெட்டிய தாங்கி, பின்னைத் தள்ளும் பஞ்ச் என்கிற இரும்புக் குச்சிகள் எல்லாம் என் கையால் செய்தவை. தன் பிரஸ் இல்லாவிட்டால் என் வேலை ஒன்றும் நடக்காது என்று அவர் சொல்வார். இரும்பைச் சும்மா அமுக்க யானை போதும் என்று நான் சொல்வேன். இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்த ரகத்து ரைபிளில் குழல் திருகு மரையில் நிற்பதில்லை. ரைபிளின் இரும்புப் பாடிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். குறுக்கே அரை விரல் நீளத்தில் ஒரு எஃகுப் பின் அதைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பின் ஒரு முனையில் மயிரிழை தடிமன், மறு முனையில் மயிரிழை மெலிவு. மெலிந்த முனையில் தள்ளினால் வெளியே வரும். தடித்த முனையில் தள்ளினால் தள்ளத் தள்ள இறுகும். உலகத்தில் எவனும் பின்னை வலது பக்கமிருந்துதான் அடித்து மாட்டுவான். ஆகவே கழற்றும்போது இடது பக்கமிருந்து தள்ள வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

குண்டு இல்லையென்று மூன்று தடவை பார்த்து, மரக்கட்டையைக் கழற்றி, ரைபிளைத் தாங்கியில் படுக்க வைத்து, இடது பக்கம் பஞ்சை நிறுத்தினேன். சகலை கைப்பிடியை அமுக்கினார். பின் அசையவில்லை. பஞ்ச் மட்டும் கேள்விக்குறி மாதிரி வளைந்தது.

"இதுவே பேரிங்கா இருந்தா இந்நேரம் லாரி பாதி வழி போயிருக்கும்" என்றார் சகலை.

"பின்னோட ரெண்டு முனையையும் பாருங்க சகலை. எவனோ ராவித் தேய்ச்சு மெருகு போட்டு மூடியிருக்கான். எது தலை, எது வால்னு அவனைப் பெத்தவளுக்கே தெரியாது."

"அழகாத்தான் பண்ணியிருக்கான்."

"அழகா! இதை மாட்டின மடையன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். அவன் மீசையைச் சிரைச்சுட்டுத்தான் மறுவேலை!"

"அவனுக்கு மீசை இருக்கணுமே?" என்றாள் என் மனைவி.

"இல்லாட்டி ஒட்டவெச்சாவது சிரைப்பேன்."

சகலை பரவசமாகி, இதற்குத் தானே சாட்சி என்று நெஞ்சில் கை வைத்தார்.

என் மீசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷத்து மீசை. அதன் நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசலாம். மழைக்காலத்தில் நான் தெருவில் நடந்தால் பக்கத்தில் வருகிறவர் நனைய மாட்டார்.

இரண்டாவது பஞ்சும் வளைந்தது. தாங்கி சரியாகப் பொருந்தவில்லையோ என்று பாடியின் அடிப்பக்கத்தில் கட்டியாய் அப்பியிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. முக்கோணமாக, கடுகு அளவில்.

சகலை பார்ப்பதற்குள் புள்ளிகளைத் துணியால் மூடினேன்.

அது என் அடையாளம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் தொட்ட ரைபிளுக்கெல்லாம் மரக்கட்டை மறைக்கிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் அந்த மூன்று புள்ளியைக் குத்தி வைப்பேன். கிளப்பில் அச்சில் வார்த்த மாதிரி முப்பது ரைபிள்கள். அதில் ஒன்றைத்தான் இவள் போன வருஷம் வாங்கியிருக்கிறாள். இன்னொரு சங்கதியும் நினைவுக்கு வந்தது. எனக்கு இடது கைப் பழக்கம். அந்த வருஷம் முழுக்க நான் பின்னை இடது பக்கமிருந்தே அடித்தேன். ரிப்பேர் அறை மேஸ்திரி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இரண்டு முனையையும் தேய்த்து மெருகு போட்டதும் இந்த மடையன்தான். காலையிலிருந்து நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தது தடித்த முனையை!

வலது பக்கமிருந்து ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். ஆனால் உனக்கு எப்படித் தெரிந்தது என்று சகலை கேட்பார். கேட்காமல் விட அவர் என்ன மகானா?

மீசையைத் தடவினேன். அவளைப் பார்த்தேன். அவள் புதுக் குழலை மடியில் வைத்துக் குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள். சே, அந்தப் பல் டாக்டரின் பல்!

"சகலை, வீட்டுக்குள்ள உங்க வீட்டம்மா கூப்பிடற மாதிரி இருக்கே?"

"எனக்குக் கேக்கலையே."

"கேக்கலைன்னு அவங்ககிட்டயே போய்ச் சொல்லுங்க."

அவர் பதறிக்கொண்டு ஓடினார். நான் ரைபிளைப் புரட்டிப் போட்டு, கடைசிப் பஞ்சை வலது பக்கம் நிறுத்தி, கைப்பிடியை இழுத்தேன். 'டிக்'. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி பின் நழுவித் தட்டில் விழுந்தது. சகலை வாசலில் நின்றார்.

"கூப்பிடவே இல்லையாம். அட! எப்படிய்யா வந்துச்சு?"

"எல்லாம் உங்க பிரஸ்ஸோட ராசி, சகலை. இந்த மாதிரிப் பிரஸ் எங்கேயும் கிடையாது."

இருபது வருஷத்தில் அவர் பிரஸ்ஸை நான் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அங்கேதான் தப்புப் பண்ணினேன். என் மனைவி நிமிர்ந்தாள். எழுந்து வந்து ரைபிளைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினாள். ஐம்பது மீட்டர் தள்ளிச் சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தைப் பார்க்கிற கண் அது.

"நம்ம வீட்டுக் கரண்டியில மூணு புள்ளி. பாக்குவெட்டியில மூணு புள்ளி. குழந்தை தொட்டில் கொக்கியிலகூட மூணு புள்ளி" என்றாள். பிறகு சகலையைப் பார்த்து வெகு மரியாதையாக, "அத்தான், உள்ள போய் அக்காகிட்ட கத்தரிக்கோல் வாங்கிட்டு வாங்களேன்."

"அக்காகிட்ட எதுக்கு? என்கிட்டயே இருக்கு!" என்று சகலை தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்தார்.

"ஏம்மா, ரைபிள் ரெடியாயிடுச்சே, அதுக்காகவாவது..."

"அதுக்காகத்தான் கத்தரியை நானே பிடிக்கறேன். அத்தான் கையில குடுத்தா மூக்கும் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை புதுக் குழல் தேன் மாதிரி சுட்டது. கடைசிச் சுற்றுக்கு முன்னால் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு சிரிப்பு அடங்கவில்லை. சிரிக்கிறவன் தோளில் ரைபிள் நிற்குமா? என் மனைவி இரண்டு புள்ளியில் ஜெயித்தாள். அதில் ஒன்று என் மேலுதட்டின் சம்பாத்தியம் என்று நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வாதாடினேன். அவள் மறுக்கவில்லை, கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

புதுப் பின்னை எந்தப் பக்கமிருந்து மாட்டினேன் என்று சகலை தினமும் நச்சரிக்கிறார். மீசை முழுசாக வளரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.