தூக்கி வைத்த நத்தை

1

அவர் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்ததிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. நடைபாதையில் ஒரு நத்தை ஒற்றையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, பஸ் போயிடும்."

"போகட்டும். யாராவது மிதிச்சிட்டா?"

அதைத் தூக்கிக் குழாயடிச் சுவரில் இருந்த மற்ற நத்தைகளோடு ஒட்டிவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஓடினார். அன்று மத்தியானம் ஆய்வகப் படிக்கட்டில்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். என் கணவர் வீடு திரும்பவில்லை என்று தெரிந்தால் போதும்.)

2

'என் கணவர் ஒரு விஞ்ஞானி' என்றுதான் முதலில் தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். நீங்கள் வெள்ளைக் கோட்டைக் கற்பனை செய்வீர்கள். இவர் என் நெயில் பாலிஷைத் திருடி நத்தை ஓட்டில் பொட்டு வைத்தவர். எது எங்கே போகிறது என்று காலையில் பார்ப்பார். பிறகு கணினியில் ஒவ்வொரு நத்தையையும் ஒரு புள்ளியாக்கி ஓடவிடுவார்.

புள்ளிகளுக்கு ஒரே விதி. இன்னொன்று ஊர்ந்துபோன ஈரத்தடம் குறுக்கிட்டால் அதன்மேலேயே போ. இல்லாவிட்டால் இஷ்டம்போல் திரும்பு. போட்ட தடத்தில் போனால் சொந்தப் பிசின் மிச்சம். கூட்டம் தானாகச் சேரும் என்பார்.

"அப்போ ஒண்ணை ஒண்ணு தேடிப் போறதில்லையா?"

"நத்தைக்கு ஏதும்மா அவ்வளவு மெனக்கெடல்? எல்லாம் சௌகரியம்தான்."

"என்னைக் கட்டிக்கிட்டதும் சௌகரியத்துக்குத்தானா?"

"பின்னே? நெயில் பாலிஷ் வச்சிருந்தியே!"

(அந்தச் சிரிப்பை இங்கே எழுதிப் பார்த்தேன். 'கடகடவென்று' சரியில்லை. 'தோள் குலுங்க' என்பதும்)

3

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும். போன வாரம் அது வீட்டுக்கே வந்தது. அவரோடு வேலை பார்த்தவள், என்னை அக்கா என்பவள், மடிக்கணினியைத் திறந்து காட்டினாள்.

"பாருங்கக்கா, இதுல சின்னச் சின்னக் கூட்டம்தான் சேருது. உங்க சுவத்துல அப்பிக்கிட்டுக் கிடந்துச்சே! அவர் விதி பத்தல. நத்தை துணை தேடும்னு இன்னொரு விதி சேர்த்தா கச்சிதமாப் பொருந்துது. அவர் பேர்ல கடைசிக் கட்டுரைக்கா. அனுப்பிடவா?"

"அவர் ஒத்துக்க மாட்டாரே."

"இருந்திருந்தா என்னைக் கடிச்சுத் துப்பியிருப்பார்தான். நீங்க சொல்லுங்க."

எனக்குக் காரணம் தெரியும். சுவரில் கூட்டத்தைப் பெருக்கியது அவர் கை. வழிதவறியதையெல்லாம் தினமும் தூக்கி வைத்துவிட்டு, அதே சுவரைத்தான் அளந்தார். இதைச் சொன்னால் சுவரில் பார்த்தது எதுவும் செல்லாது, கட்டுரை போயிற்று. சொல்லாவிட்டால், ஆயுள் முழுக்க அவர் மறுத்ததை அவர் பெயரிலேயே அச்சடிப்பார்கள்.

4

ஒரு முடிவு: சொல்கிறேன். அவள் மடிக்கணினியை மூடுகிறாள்.

இன்னொன்று: "அனுப்பும்மா" என்கிறேன். (துணை தேடும் என்று அவர் வாயால் கேட்க எனக்கும் ஆசைதான்.)

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல் பொய்யாக ஒலிக்கிறது. அவள் இன்னும் காத்திருக்கிறாள். நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று. அவர் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நான் ஒரு நத்தையைக்கூடத் தொட்டதில்லை. தூக்கி வைக்க இங்கே வேறு யாரும் இல்லை. இன்று காலை சுவரைப் பார்த்தேன். ராத்திரி ஊர்ந்து திரிந்த ஈரத்தடம் இன்னும் காயவில்லை. குழாயடியில், மங்கிய சிவப்புப் பொட்டுகளோடு, அந்தக் கூட்டம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே இருக்கிறது.