கடல்மேல் ஒரு சுற்று

குருநகர்க் கரையில் பிறந்து, வலையைத் தொடாமல் விமானம் ஓட்டப் போனவன் கனிசியஸ் ஒருவன்தான். கொழும்பு இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையில் காலையும் மாலையும் பறந்த ஒரு சின்னக் கம்பனியில் அவன் இரண்டாவது விமானி. ஒன்பது பேர் ஏறினால் நிறைந்துவிடும் விமானம் அது. இடப்பக்க இருக்கையில் கப்டன் சீவரத்தினம் இருப்பார். இணுவில் மனிதர். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஏறமாட்டார், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார்.

கனிசியஸைப் படிப்பித்தது தமையன் சிமியோன். தகப்பன் நீக்கிலாப்பிள்ளை கண்ணை மூடியபோது சிமியோனுக்கு மீசைகூட அரும்பவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வள்ளத்தில் ஏறினான். "எங்களிலை ஒருத்தன் எண்டாலும் மேலை போகட்டும்" என்று சொல்லிச் சிரிப்பான். தம்பி முதன்முதலாகப் பலாலியில் விமானத்தை இறக்க வந்த நாளில், நடுக்கடலில் நின்ற சிமியோன் தலைத்துண்டை அவிழ்த்துக் கை ஓயும்வரை ஆட்டினானாம். கூட நின்றவர்கள் அதை மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

எண்பத்து நாலாம் ஆண்டுக் கடைசியில் கடலில் இறங்கக்கூடாது என்று கடற்படையின் தடை வந்தது. கரையில் வள்ளங்கள் காய்ந்து கிடந்தன. வீட்டில் சிமியோனின் மனைவி றோஸ், சின்ன மகள் ஸ்ரெல்லா, தாய் அருமைநாயகி. தம்பியின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்கச் சிமியோனுக்கு மனம் வரவில்லை. ஒரு விடியப்புறம், கூட வலை இழுக்கும் பேதுருவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தூரத்தில் சூட்டுச் சத்தம் கேட்டதாகக் கரைக்குத் திரும்பிய மற்றவர்கள் சொன்னார்கள். பேதுருவின் உடல் சில நாட்களில் மண்டைதீவில் ஒதுங்கியது. சிமியோன் வரவில்லை. வள்ளமும் வரவில்லை.

உடல் கிடைக்காததுதான் வினையாகிப் போனது. அவனைப் போல ஒருவனை இராமேசுவரத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். தெற்கில் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். அருமைநாயகி எல்லாவற்றையும் நம்பினாள். "என்ரை பிள்ளை அக்கரையிலை நிக்கிறான்" என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னாள். இரவுச் சோற்றில் அவன் பங்கை எடுத்து மூடி வைத்தாள்.

கனிசியஸ் மேலேயிருந்து தேடத் தொடங்கினான். தேடுவதாக அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பூநகரியைத் தாண்டியதும் அவன் கழுத்து கண்ணாடிப் பக்கம் திரும்பிவிடுவதைச் சீவரத்தினம் கவனித்திருந்தார். ஒரு மாலை, நேரே வடக்கே போகவேண்டிய விமானத்தை அவர் மேற்கே வளைத்தார். தீவுகளுக்கு அப்பால் போய், கடலோரமாகத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"உம்மடை பக்கத்தாலை வடிவாப் பாரும்" என்றார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. ஏன் சுற்றி வருகிறீர்கள் என்று பலாலியிலிருந்து வானொலியில் கேட்டால், "முகில்" என்று ஒரே சொல்லில் முடிப்பார். வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும் நாளிலும் அதே பதில்தான்.

வீட்டுக்குப் போனால் றோஸ் வாசலில் நிற்பாள். "இண்டைக்கு ஏதும் கண்டனீங்களோ, தம்பி?"

"இல்லை மச்சாள்."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவாள்.

அப்படியிருக்கும்போதுதான் வளைகுடா நாட்டுப் பெரிய விமானக் கம்பனி ஒன்றின் ஆட்கள் கொழும்புக்கு வந்து விமானிகளைத் தேர்ந்தார்கள். சீவரத்தினம், கனிசியஸ் இருவருமே எடுபட்டார்கள். முந்நூறு பேர் ஏறும் விமானங்கள், குடும்பத்துக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இரத்மலானையில் மற்ற விமானிகளுக்கு அதைவிட்டால் வேறு பேச்சு இல்லை. இந்தச் சின்னக் கம்பனி இன்னும் எத்தனை நாள் இழுக்கும் என்று அவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். பலாலியைச் சுற்றி இராணுவ முகாம் பெருத்துக்கொண்டே போயிற்று. இறங்கும் விமானிகளின் சப்பாத்தைக்கூடக் கழற்றிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள்.

"நீர் இன்னும் கையெழுத்து வைக்கேல்லையாமே?" என்று ஒருநாள், பயணிகள் ஏறுமுன் சீவரத்தினம் கேட்டார்.

"யோசிக்கிறன் அண்ணை."

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? எங்கடை பிளேனுக்கை ஏற எங்களையே தடவிப் பாக்கிறாங்கள். என்ரை பெடியன் வளந்துகொண்டு வாறான். மனிசி மீனாம்பிகை இரவிலை நித்திரை கொள்ளுறேல்லை. நான் முடிவெடுத்திட்டன்."

"நான் போனால் ஆர் பாக்கிறது?"

எதை என்று அவர் கேட்கவில்லை. விமானத்தின் இறக்கையைக் கையால் தடவினார்.

"நான் போன பிறகு வாற கப்டன் உமக்காக வளைச்சுக்கொண்டு வருவாரோ?" என்றார். "வரமாட்டார், தம்பி. அப்ப நீர் இருந்தும் ஒண்டுதான், போயும் ஒண்டுதான்."

அவர் சொன்னது சரி என்று கனிசியஸுக்குத் தெரிந்தது. அவனுக்கு முன்னால் கிடந்த வாழ்வு நல்ல வாழ்வு என்பதும் தெரிந்தது. தமையன் பட்ட பாடெல்லாம் இப்படி ஒரு வேலைக்குத்தான். ஆனால் வாசலில் நிற்கும் றோஸிடம், இனி நீங்கள் கேட்க ஆள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

சில நாட்கள் கழிந்து ஒரு மாலை, தீவுகளுக்குத் தெற்கே, ஆளில்லாத ஒரு மணல்திட்டில் அவன் அதைக் கண்டான். கவிழ்ந்து கிடந்த வள்ளம். பாதி மணலில் புதைந்திருந்தது.

"அண்ணை!"

அவன் குரலே போதுமாயிருந்தது. சீவரத்தினம் விமானத்தைச் சரித்து, தாழ்த்தி, திட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்தார். பின்னால் பயணிகள் கத்தினார்கள். ஒரு கிழவி உரக்கச் செபம் சொன்னாள். உடனே மேலே எழும்பிப் பாதைக்குத் திரும்பும்படி வானொலி அதட்டியது. கனிசியஸ் கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தான். பச்சை வள்ளம், விளிம்பில் சிவப்புக் கோடு. முன்பக்கம், அணியத்தில், வரிசையாகச் சூட்டுத் துளைகள். அந்தச் சிவப்பை முந்தின ஆண்டு விடுமுறையில் அவனே தமையனோடு இருந்து பூசியிருந்தான். பூச்சு முடிகிற இடத்தில் தூரிகை வழுக்கிக் கோடு கீழே இறங்கியிருந்தது. அந்தச் சறுக்கலும் அப்படியே தெரிந்தது.

வேறு யாரும், வேறு எதுவும் அங்கே இல்லை.

"அதுதானோ?" என்றார் சீவரத்தினம்.

"ஓம்."

அவர் விமானத்தை நேராக்கினார். பலாலியில் இறங்கியதும் அவரை முகாமுக்குள் கூப்பிட்டு நெடுநேரம் இருத்தி வைத்தார்கள். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இனிக் கடல் பக்கம் திரும்பினால் சுட்டு விழுத்துவாங்களாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன்னால் வந்தது என்று கனிசியஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் கையமர்த்திவிட்டு வாகனத்தை நோக்கி நடந்தார்.

பலாலியிலிருந்து குருநகர் வரும்வரை எப்படிச் சொல்வது என்று அவன் ஒத்திகை பார்த்தான். தாய் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்ரெல்லா ஓடிவந்து, "சித்தப்பா!" என்று காலைக் கட்டிக்கொண்டது. றோஸ் வாசலில் நின்றாள்.

"ஏதும் கண்டனீங்களோ, தம்பி?"

"ஒண்டும் காணேல்லை மச்சாள்" என்றான்.

றோஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போலத் தலையை ஆட்டவில்லை. திரும்பி உள்ளே போனாள். அன்றைக்குத் தேத்தண்ணி வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் கேட்கவும் இல்லை.

சீவரத்தினம் தன் கடைசிப் பறப்பை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். புதுக் கப்டன் கண்டிப்பானவர். விமானம் ஆனையிறவுப் பக்கமாக நேரே வந்து நேரே இறங்கியது. பெரிய கம்பனி கையெழுத்து வைக்கக் கொடுத்திருந்த தவணையும் முடிந்துகொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு பூசையில் யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துக்களைச் சுவாமியார் வாசித்தார். "மரித்த சிமியோனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக" என்று அவர் சொன்னபோது கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பூசை ஒப்புக்கொடுத்தது றோஸ். அவள் கறுப்பு உடுத்திருந்தாள். அதைக் கண்டும் அது இன்னதென்று கனிசியஸுக்கு அந்த நிமிடம் வரைக்கும் உறைக்கவில்லை. அருமைநாயகி முழந்தாளிலிருந்து எழும்பினாள். மருமகளைப் பார்க்காமல், மகனைப் பார்க்காமல், நடுவழியால் நடந்து வெளியே போனாள்.

கோவிலுக்குப் பின்னால் கிணற்றடியில் அவன் றோஸைப் பிடித்தான். "ஏன் மச்சாள் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அண்டைக்கு நீங்கள் கண்டதுதானே?"

அவன் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தான்.

"நீங்கள் சொல்லேல்லை. உங்கடை முகம் சொல்லிப்போட்டுது" என்றாள். குரல் உடையவில்லை. "இனி மேலையிருந்து ஒண்டும் தேடத் தேவையில்லை. போங்கோ. அவர் உங்களைப் படிப்பிச்சது இஞ்சை இருந்து அழுந்திறதுக்கில்லை."

"அம்மா?"

"மாமிக்கு நான் சொல்லி விளங்காது. அவ என்னைத்தான் திட்டுவா. திட்டட்டும்."

அவள் அவனை விடுவிக்கத்தான் அந்தப் பூசையை வைத்தாளா, இல்லை, உண்மையாகவே மனம் ஆறித்தான் வைத்தாளா என்பதை அவன் கடைசிவரை அறியவில்லை. கேட்கத் துணிவும் வரவில்லை.

அவன் வளைகுடாவுக்கு வெளிக்கிட்ட நாளில் தாய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் கதவில் கைவைத்து, "அம்மா, போட்டு வாறன்" என்றான். உள்ளே செபமாலை உருளும் சத்தம் கேட்டது. சிறிது பொறுத்துக் குரல் வந்தது.

"உயிரோடை இருக்கிறவனைச் சாகக் குடுத்திட்டுப் போறாய். போ."

அவன் போன கொஞ்ச மாதத்தில் பலாலிக்குப் பயணிகள் விமானம் நின்றுபோனது. சின்னக் கம்பனியை இழுத்து மூடினார்கள். இரத்மலானையில் மிஞ்சியிருந்த விமானிகள் வேலை தேடித் திசைக்கொருவராய்ப் போனார்கள். கனிசியஸ் பெரிய விமானங்களில் ஏறினான். மாதம் தவறாமல் வீட்டுக்கு அனுப்பினான். றோஸ் பதில் எழுதினாள். கடிதங்களில் தாய் சுகம் என்று இருக்கும். தாய் சொன்னதாக ஒரு வரியும் இருக்காது.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் குருநகர் வெறுமையானது. றோஸ் மகளோடு நெல்லியடியில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனாள். அருமைநாயகி வீட்டைவிட்டு அசையமாட்டேன் என்று நின்றாள். கடைசியில் அயலவர்கள் அவளைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். போன இடத்தில் காய்ச்சல் கண்டது. மருந்து கிடைக்கவில்லை. பாதையும் இல்லை, தபாலும் இல்லை. கொழும்புக்கு எப்படியோ வந்து சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது, அவளைப் புதைத்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

அன்று பின்னேரம் சீவரத்தினம் அவன் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார். மீனாம்பிகை கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. 

"இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?" என்று கேட்டார். "வேலையும் இல்லாமல், அங்கை நிண்டு என்ன செய்திருப்பீர்?"

"ஒண்டும் செய்திருக்கமாட்டன் அண்ணை" என்றான் கனிசியஸ். "சைக்கிளை நான் தள்ளியிருப்பன்."

சீவரத்தினம் பாத்திரத்தைத் திறந்து, சோற்றைத் தட்டில் போட்டு, அவன் பக்கம் நகர்த்தினார். அடுத்த நாள் விடிய இருவருக்கும் பறப்பு இருந்தது.