மேலே போன வரி

கம்ப்யூட்டர் இரண்டாம் முறையும் மாட்டேன் என்றபோது கல்பனாவுக்குக் காது மடல் சூடேறியது. திருத்தணி மலையடிவாரத்தில், தேங்காய்க் கடைக்கு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் இலவசமாகப் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். தேதியையும் மணியையும் காட்டும் ஜாவா புரோகிராம் இன்றைக்கு ஓடினால்தான் அந்த இலவச இடம் அவளுக்குத் தொடரும். இல்லையென்றால் திங்கட்கிழமை அம்மாவோடு நடவுக்குப் போக வேண்டியதுதான். அம்மா கௌரியம்மாள் ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் கூடவே வந்து கதவோரம் நின்றிருந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

முதல் தடவை, 'டேட்' என்றால் யாரென்றே தெரியாது என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. அது கல்பனாவுக்குப் புரிந்தது. தேதி சொல்கிற ஆசாமி வேறொரு தொகுப்பில் இருக்கிறான். இம்போர்ட் என்று ஒரு வரி எழுதி அவனை அழைத்து வர வேண்டும். எழுதினாள். டேட் வருகிற வரிக்கு நேர் மேலே, கைக்கு எட்டுகிற இடத்தில் எழுதினாள். சின்ன வயதிலிருந்தே நடவு நட்ட கை வேறெங்கே வைக்கும்? கழனியில் நாற்றுக் கட்டுகளை அங்கங்கே வீசிப் போட்டிருப்பார்கள். குனிந்தவள் நிமிராமல் அடுத்த கட்டை எடுத்து நட்டுக்கொண்டே பின்னால் போகலாம். கட்டு எட்ட விழுந்தால் வீசியவள் கௌரியம்மாளின் வாயிலிருந்து தப்ப முடியாது.

"இன்னாம்மா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், பாடம் எடுக்கும் சாய்கிருஷ்ணன்.

"பாத்துகினே கீறேன் சார்."

"நான் சொல்லட்டா?"

"வேணாங்க சார்."

வீம்பாகச் சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். இரண்டாவதாக வந்த பிழைச் செய்தியை மறுபடி எழுத்தெழுத்தாகப் படித்தாள். மூன்றாவது வரி என்றிருந்தது. அவள் புதிதாகச் சேர்த்த வரியேதான் அது. எழுத்துக் கூட்டிப் பார்த்தாள், சரியாகவே இருந்தது. அப்படியானால் எழுதியது தப்பில்லை, அது நிற்கிற இடம்தான் தப்பு. ஆள் இறங்கிய சேற்றுக்குள் கட்டு வீசுகிற வழக்கம் இங்கே செல்லாது. வேண்டியதெல்லாம் வேலை தொடங்கும் முன்பே வரப்பில் வந்து நிற்க வேண்டும்.

அந்த வரியை வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக ஒட்டினாள். பிழை பார்க்கச் சொல்லி கம்பைல் கொடுத்தாள். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஜாவாவுக்குப் பாராட்டத் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தாலே பெரிய பாராட்டு. ஓடவிட்டாள். கறுப்புத் திரையில் தேதியும் மணியும் வெள்ளையாக வந்து நின்றன.

சாய்கிருஷ்ணன் குனிந்து பார்த்தார். "ஆங், ஓடுது. திங்கக்கெழம கிளாசுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போனார்.

கௌரியம்மாள் கிட்டே வந்தாள். நகக்கண்ணில் நேற்றைய சேறு இன்னும் போகவில்லை.

"இன்னாடி இது?"

"இப்போ மணி இன்னான்னு நான் கேட்டேம்மா. அது சொல்லுது."

கௌரியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். திரையில் இருந்த எண்களைப் பார்த்தாள். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். "கரீட்டாதான் கீது. இன்னொரு தபா கேளு."

கல்பனா கேட்டாள். கீழே புது வரி வந்தது. அதில் நிமிஷம் ஒன்று கூடியிருந்தது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. பெருமைதான், வேறென்ன.

கௌரியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு நேராக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு தபா" என்றாள்.