ஐந்து சொல்லும் நான்கு நிமிடமும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்ற உணர்ச்சியிலிருந்து வந்தது. மற்ற எழுத்தாளர்கள் மழை, பேருந்துப் பயணம் என்று ஏதாவது அழகாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிடோக் திடலில், செய்யவேண்டிய ஒன்றை நான்கு நிமிடம் தாமதமாகச் செய்தேன். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் அதைச் சுற்றி வளைப்பது.

என் பெயர் வசந்தகுமாரி. தேக்காவில் குடியிருக்கிறேன், சிறுகதை எழுதுகிறேன், ஒரு பெண்கள் காற்பந்துக் குழுவுக்கு முதலுதவிப் பை தூக்குகிறேன். எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஒரு நாள் முதலுதவி வகுப்புக்குப் போனதுதான் என் தகுதி.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பந்து வானத்தில் ஒரு கணம் நின்றது. நஸீஹா தன் இரு கைகளையும்

இல்லை. பந்து எங்கும் நிற்கவில்லை.

இரண்டாம் முயற்சி: ‘பயம் என்றால் என்னவென்றே நஸீஹாவுக்குச் சிறுவயதிலிருந்து

இது பச்சைப் பொய். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் அவள் நாற்காலிமேல் ஏறிவிடுவாள்.

நேராகவே சொல்கிறேன். நஸீஹா எங்கள் கோல்கீப்பர். வயது இருபத்தொன்பது, தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் வேலை. அன்று அரையிறுதி. ஒன்றுக்கு ஒன்று சமநிலை, இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தாழ்வாக வந்த பந்தின்மேல் பாய்ந்தாள். ஓடிவந்த எதிரணிப் பெண்ணின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. அந்தப் பெண்மேல் தப்பில்லை, அவளால் நிற்க முடியவில்லை. நஸீஹா சற்று நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். நாங்கள் அந்தச் சிரிப்பை நம்பினோம்.

3

(இதை அடிக்குறிப்பாகப் போடத்தான் நினைத்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. நானே படிப்பதில்லை.)

தலையில் அடிபட்டவரிடம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வது ஒரு சோதனை. தமிழில் கேட்டால் பெண்களுக்குப் பதற்றம் குறையும் என்று நானே ஒரு பட்டியல் எழுதினேன்: குடை, கத்தரிக்காய், சாவி, பாலம், தலையணை. ஒரு மாலை முழுக்க யோசித்து எழுதியது. கத்தரிக்காயைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் ஒரே ஒரு பட்டியல்தான் எழுதினேன். வாராவாரம் அதே தாள் பையின் முன்பக்கத்தில் கிடந்தது.

4

“அக்கா, டெஸ்ட் எடுங்க, சீக்கிரம்லா!” பயிற்றுநர் இளமாறன் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார்.

நான் மண்டியிட்டேன். கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். விரல்களை அசைக்கச் சொன்னேன், அசைத்தாள். அதுவரை நான் ஒழுங்குதான்.

“நஸீஹா, இப்ப நான் அஞ்சு வார்த்தை சொல்...”

“குடை, கத்தரிக்கா, சாவி, பாலம், தலகாணி,” என்றாள். “ஓகேயாக்கா? நான் ஆடுறேன்.”

“பாத்தீங்களா, ஷார்ப்பா இருக்கா!” என்றார் இளமாறன்.

அடுத்து, முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: ‘வசந்தகுமாரி உடனே கையை உயர்த்தினாள். “இவள் வெளியே வரவேண்டும்” என்றாள் உறுதியாக.’ படிக்க நன்றாகவே இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பக்கூடக் கிளம்பிவிட்டேன்.

உண்மையில் நான் பையை மூடிக்கொண்டு கோட்டுக்கு வந்து நின்றேன். என் சொற்கள் ஒருத்திக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறதே என்று உள்ளூர ஒரு குளிர்ச்சி. எழுத்தாளர் புத்தி. அப்புறம்தான் உறைத்தது. நான் இன்னும் அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை.

சொல்லாததை எப்படித் திருப்பிச் சொன்னாள்? முன்பே மனப்பாடம் செய்திருக்கிறாள். அப்படியானால் இப்போது அவள் தலைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. இது புரிந்த பிறகும் நின்றேன். மாற்றுக் கீப்பர் அன்று வரவில்லை. இந்தப் பெண்கள் எட்டு மாதம் உழைத்திருக்கிறார்கள். பந்து உதைக்கத் தெரியாத நான் யார், ஆட்டத்தை நிறுத்த? இப்படி எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தேன்.

நான்காவது நிமிடம், கோல் முன்னால் உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் வைத்த நஸீஹா, பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரி இல்ஹாமிடம் ஏதோ கேட்டாள். இல்ஹாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா! நாம எந்தப் பக்கம் அடிக்கணும்னு கேக்குறா!”

நடுவர் விசில் ஊதுவதற்குள் திடலுக்குள் போய்விட்டேன்.

“வெளிய போங்கக்கா. எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்காதீங்க.”

“வாங்கத்தான் போறேன். உக்காரு, எந்திரிக்காத.”

இல்ஹாம் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றாள். நான்குக்கு ஒன்றில் தோற்றோம்.

5

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ச்சி என்றார்கள். பட்டியல் கதையைக் கேட்ட மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஐந்து சொல் சரியாகச் சொன்னால் ஆட அனுமதி என்று யார் சொன்னது என்று கேட்டார். திடலில் நிற்பவருக்கு ஒரே விதிதான்: சந்தேகம் வந்தால் வெளியே, அன்றைக்குத் திரும்பி ஆடக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். அந்த நான்கு நிமிடத்தில் எதிரணி இரண்டு முறை கார்னர் உதைத்தது. இரண்டு முறையும் நஸீஹா கூட்டத்துக்குள் குதித்தாள்.

மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, எம்ஆர்டி ரயில் சத்தம் தாங்கவில்லை என்று இல்ஹாம் வழியாகக் கேள்விப்பட்டேன். நான்காவது வாரம் தேக்கா சந்தையில், மீன்கடை முன்னால் எதிரே வந்து நின்றாள்.

“என்னைப் பத்திக் கதை எழுதுறீங்களாமே?”

“வேணாம்னா கிழிச்சிடுறேன்மா.”

“எழுதுங்க. ஆனா தைரியமான பொண்ணுன்னு எழுதாதீங்க. உங்க பேக்கத் தொறந்து அந்தப் பேப்பர ஃபோட்டோ எடுத்தது நான்தான். குரூப்ல போட்டதும் நான்தான். முழு டீமுக்கும் மனப்பாடம்.”

“பதினாறு பேருக்குமா?”

“இளமாறன் கோச்சுக்கும்லா.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“பெஞ்சுல உக்காரவெச்சிருவாங்கன்னு பயம்க்கா. ஜூன்லயும் ஒரு தடவ இடிச்சுது. ரெண்டு நாள் வாந்தி. யார்கிட்டயும் சொல்லல.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க நாலு நிமிஷம் சும்மா நின்னீங்கல்ல, அதையும் எழுதணும். நான் மட்டும் திருடியா?”

மீன்கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவள் என்னைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கித் தந்தாள்.

6

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நஸீஹா திரும்பி வந்து கோப்பையைத் தூக்குகிறாள். இன்னொன்றில் ஆட்டத்தையே விட்டுவிட்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறாள். இரண்டையும் அவளிடமே காட்டினேன்.

“ரெண்டுலயும் நான் போஸ்டர் மாதிரி இருக்கேன்,” என்றாள்.

நடந்ததைச் சொன்னால் இவ்வளவுதான். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். ஒரு நாள் தலை சுற்றியது, ஒரு படி பின்னால் போனாள். பந்து பிடித்தாள். கடைசியாகத்தான் மோதி ஆட மருத்துவர் சம்மதித்தார். என் பட்டியலை இளமாறனே கிழித்துப் போட்டார். இப்போது குழுவில் யார் கையை உயர்த்தினாலும், அடிபட்டவள் வெளியே. ஏன் என்று அவரும் கேட்பதில்லை. சென்ற மாதம் முதல்முறையாக ஒரு பெண் தனக்குத்தானே கையை உயர்த்தினாள். யாரும் முணுமுணுக்கவில்லை. எனக்கு அது கோப்பையைவிடப் பெரிது.

7

வரும் ஞாயிறு நஸீஹாவின் முதல் ஆட்டம். நான் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருப்பேன். அதனால் பையை உங்களிடம் தருகிறேன். ஆமாம், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம்தான். உதைக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை.

அறுபத்தெட்டாவது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருத்தி விழுகிறாள். நஸீஹாவாக இருக்கலாம், இல்ஹாமாக இருக்கலாம். எழுந்து, புல்லைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறாள். “நான் ஓகே” என்கிறாள். ஆட்டம் சமநிலை. நடுவர் உங்களைப் பார்க்கிறார். வெளியே எடுத்தால் அவள் கோபப்படுவாள், மூன்று வாரம் பேசமாட்டாள். அதற்குப் பிறகு பேசுவாள், அதற்கு நான் பொறுப்பு.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. உங்களுக்கு?